சி பிளாக் சிலந்திக்குப் பசிக்காதா?

(சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை நமது சமூகக் கூடத்தில் நடந்த குடியிருப்பாளர் சந்திப்பில், சி பிளாக் மூன்றாம் தளத்தில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

செயலாளர் சார் என்னைப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று உங்களுக்கே தெரியும். போன பொதுக்குழுவில் தண்ணீர் லாரிக் கணக்கு முடிந்து, லிஃப்ட் பராமரிப்பு முடிந்து, "இதர விஷயங்கள்" வந்தபோது ஏ பிளாக் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி எழுந்தது. "சி பிளாக்கில் யாரோ கையகலச் சிலந்தி வளர்க்கிறார்களாம். மாதக்கணக்கில் அதற்குச் சாப்பாடே இல்லையாம். பசி தாங்காமல் அது வெளியே வந்துவிட்டால் யார் பொறுப்பு?"

அந்த யாரோ நான்தான். கேள்வியில் இரண்டு குற்றச்சாட்டு இருக்கிறது. ஒன்று, நான் ஒரு ஜீவனைப் பட்டினி போடுகிறேன். இன்னொன்று, அந்தப் பட்டினியால் உங்களுக்கு ஆபத்து. இரண்டையும் நானே ஒரு காலத்தில் நம்பினேன் என்பதால் கேட்டவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

முதலில் அது எப்படி என் வீட்டுக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் விலங்கியல் படித்தவள் இல்லை. 31 வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சிலந்தி என் மகனுடையது. மெக்சிகன் ரெட் நீ என்று ஒரு வகை டரான்டுலா. உடம்பு கறுப்பு, முழங்கால் மூட்டுகள் மட்டும் ஆரஞ்சும் சிவப்புமாக இருக்கும். மெக்சிகோவின் பசிபிக் கரையோரக் காடுகள் அதன் பூர்வீகம். கல்லூரியில் படிக்கும்போது சின்னக் குஞ்சாக வாங்கினான். 2024 ஆகஸ்டில் மேல்படிப்புக்கு ஜெர்மனி போனவன், கண்ணாடிப் பெட்டியையும் ஒரு பக்கக் குறிப்பையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அவன் அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்திருந்தான். என் வாய்க்கு வரவில்லை. நான் ராசாத்தி என்றுதான் கூப்பிடுகிறேன். கூப்பிட்டால் வரும் ஜாதி இல்லை, அது வேறு விஷயம்.

குறிப்பில் கடைசி வரி இது: "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பூச்சி. சாப்பிடவில்லை என்றால் விட்டுவிடு." அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குப் பிடிபடவில்லை. வாசலுக்கு வந்த கொரியர் பையனையே ஒரு டம்ளர் மோராவது குடிக்க வைக்காமல் அனுப்பாதவள் நான். சாப்பிடவில்லை என்றால் எப்படி விடுவது?

செப்டம்பரில் இரண்டு தடவை ஒழுங்காகச் சாப்பிட்டது. அது சாப்பிடுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கண் எட்டு இருந்தும் பார்வை அதற்கு மட்டம்தான். கால் ரோமங்களில் வரும் அதிர்வை வைத்துத்தான் எல்லாம். கடைக்காரர் கிரிக்கெட் என்று விற்கும் பூச்சி, நம் ஊரில் சுவர்க்கோழி என்போமே அதுதான் சாப்பாடு. அது பெட்டிக்குள் நாலடி எடுத்து வைக்கும்வரை ராசாத்தி பொம்மை மாதிரி இருக்கும். அடுத்த நொடி பூச்சி அதன் பல்லில் இருக்கும். பிறகு அவசரமே கிடையாது. நம்மைப் போல மென்று விழுங்க அதற்கு வழி இல்லை. செரிமான நீரைப் பூச்சியின் மேலேயே விட்டு, நசுக்கிக் குழம்பாக்கி, உறிஞ்சிக் குடிக்கும். நமக்கு வயிற்றுக்குள் நடப்பதில் பாதி அதற்கு வெளியிலேயே நடந்துவிடுகிறது. மணிக்கணக்கில் சாப்பிட்டு முடித்து, மிஞ்சிய சக்கையைச் சின்ன உருண்டையாக ஒரு மூலையில் போட்டுவிடும். பெரும்பாலும் தண்ணீர்க் கிண்ணத்தில்! அதை எடுத்துப் போடுவது என் வேலை.

அக்டோபர் நடுவில், ஐப்பசி பிறக்கும் சமயம், நிறுத்திவிட்டது. போட்ட பூச்சி அதன் காலை உரசிக்கொண்டு போகிறது, இது அசையவில்லை. நான் காலண்டரில் குறிக்க ஆரம்பித்தேன். பத்து நாள், இருபது நாள், நாற்பது நாள். தீபாவளிக்கு வீடு முழுக்கப் பலகாரம், இது மட்டும் வெறும் வயிறு. மகனிடம் சொன்னால் "விடும்மா" என்கிறான். நான் விடவில்லை. சுவர்க்கோழி பிடிக்கவில்லையோ என்று பறவைக் கடையில் மீல்வோர்ம் வாங்கினேன். பெட்டியை ஜன்னல் பக்கம் மாற்றினேன், பிறகு சமையலறைப் பக்கம் மாற்றினேன். தினமும் ஒரு பூச்சியைப் போட்டுப் பார்த்தேன். தானாகப் பசித்தால் சாப்பிடட்டும் என்று இரவில் பூச்சியைப் பெட்டியிலேயே விட்டுவைத்தேன். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, பொங்கல் வந்தது. என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் தோழி, "விரதமாக இருக்கும், விடுங்க" என்று சிரித்தார். விரதம் என்றால் பசியை அடக்குவது. இதற்கு அடக்க ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். அதன் வயிற்றின் மேல் ரோமம் உதிர்ந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வழுக்கை உண்டு. வெளுப்பாக இருந்த அந்த இடம் ஏப்ரல் கடைசியில் கறுக்க ஆரம்பித்தது. பசியில் கறுத்துப் போயிற்று என்று நினைத்து அழாத குறை.

மே மாதக் கடைசியில் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு விளக்கைப் போட்டால், ராசாத்தி மல்லாக்கக் கிடக்கிறது. எட்டுக் கால்களும் மேலே. அசைவு இல்லை.

ஏழு மாதம் பட்டினி கிடந்து செத்துப்போயிற்று, நான்தான் கொன்றுவிட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மா பழைய பேப்பரும் முறமும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதை எடுத்துக் கீழே தோட்டத்தில் புதைப்பதாகத் திட்டம். எதற்கும் மகனுக்கு ஒரு படம் அனுப்பிவிடலாம் என்று அனுப்பினேன். ஜெர்மனியில் அப்போது அதிகாலை மூன்று மணி. நல்லவேளை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டு விழித்திருந்தான். உடனே போன் வந்தது. "அம்மா, தொடாதே! சாகவில்லை, சட்டை உரிக்கிறது. உள்ளே பூச்சி ஏதாவது இருக்கிறதா பார்!"

இருந்தது. முந்தின இரவு நான் விட்ட சுவர்க்கோழி, அதன் வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி உட்கார்ந்திருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது. பாம்பு மாதிரி இதுவும் சட்டை உரித்துத்தான் வளரும். வளர்ந்த பெண் சிலந்தி ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை உரிக்கும். மல்லாந்து படுத்துக்கொண்டு, முதுகு ஓடு திறந்து, ஒவ்வொரு காலையும் கையுறையிலிருந்து விரலை உருவுவதுபோல உருவி எடுக்கும். பல மணி நேர வேலை. வெளித்தோல் மட்டும் கழலுவதில்லை. பல், வாய், உணவுக்குழாய், உறிஞ்சும் வயிறு வரைக்கும் உள்ளே இருக்கும் மெல்லிய படலமும் சேர்ந்தே உரிந்து வருகிறது. வாயையே கழற்றி மாட்டப்போகிற உடம்பு சாப்பிடுமா? அதனால்தான் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுகிறது. வழுக்கை கறுத்தது பசியால் அல்ல. பழைய தோலுக்கு அடியில் புது ரோமம் முளைத்துத் தயாராக இருந்தது. எல்லா அடையாளமும் என் கண்முன்னேதான் இருந்தது, நான்தான் அதைப் பட்டினி என்று படித்தேன்.

உரித்து முடித்த சிலந்தி வேகவைத்த முட்டை மாதிரி மெத்தென்று இருக்கும். பல்கூட வெள்ளையாகத்தான் இருக்கும், கடிக்க உதவாது. அந்த நேரத்தில் உள்ளே ஒரு சுவர்க்கோழி இருந்தால் யார் யாரைத் தின்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? சுவர்க்கோழிதான் சிலந்தியைக் கடித்துத் தின்னும். எதிர்க்க அதற்கு வழி இருக்காது. அதாவது ஏழு மாதம் பட்டினியால் வராத சாவு, நான் அன்போடு போட்ட ஒரு பூச்சியால் ஒரே காலையில் வந்திருக்கும்.

நீண்ட இடுக்கியால் கை நடுங்க நடுங்க அந்தப் பூச்சியை எடுத்தேன். பிறகு நாற்காலி போட்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று சமையல் செய்யவில்லை, நானும் சாப்பிடவில்லை. பதினொன்றரைக்கு முழுச் சிலந்தி ஒரு பக்கம், அச்சு அசலான வெற்றுச் சிலந்தி ஒரு பக்கம். அந்தச் சட்டையைத்தான் இந்த டப்பாவில் கொண்டுவந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், வெறும் தோல். முடிந்ததும் கையோடு கை மாற்றிப் பார்க்கலாம், உடைத்துவிடாமல். பல் வெள்ளையிலிருந்து சிவந்து, பிறகு கறுத்து, பன்னிரண்டாம் நாள் முதல் பூச்சியைப் பிடித்தது. அன்று எனக்குத்தான் பண்டிகை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பசிக்காதா? நமக்குத் தெரிந்த பசி இல்லை. நாம் சும்மா படுத்திருந்தாலும் உடம்பைச் சூடாக வைத்திருக்கவே சாப்பாட்டில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. சிலந்திக்கு அந்தச் செலவே கிடையாது, அறை எவ்வளவு சூடோ அதுவும் அவ்வளவு சூடு. அசையாமல் இருக்கும்போது அதன் உடம்பு எரிக்கும் சக்தி மிக மிகக் கொஞ்சம். அதன் சொந்த ஊரில் மழைக்காலம் சில மாதம்தான். மற்ற மாதங்களில் வளையைவிட்டுப் பெரிதாக வெளியே வராமல், கிடைத்தால் தின்று, கிடைக்காவிட்டால் சும்மா இருந்து பழகிய பிராணி. பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் புரியும்: வரவு குறைந்தால் செலவைக் குறைத்துக்கொள்வதுதான்.

சோறு இல்லாமல் இருக்கும், தண்ணீர் இல்லாமல் இருக்காது. இதை மகன் எனக்கு ஜேசிபியை வைத்து விளக்கினான். சிலந்திக் காலின் முக்கிய மூட்டுகளில் மடக்கும் தசைதான் உண்டு, நீட்டும் தசை கிடையாது. உடம்புத் திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் தள்ளித்தான் காலை நீட்டுகிறது, ஜேசிபி கை எண்ணெய் அழுத்தத்தில் நீளுவது மாதிரி. உடம்பில் நீர் வற்றினால் அழுத்தம் போய், கால்கள் தானாக வயிற்றுக்கு அடியில் சுருண்டுகொள்ளும். அதுதான் உண்மையான அபாயம். ஆகவே ஊருக்குப் போகும்போது என் வீட்டுச் சாவி வாங்கி வைத்துக்கொள்ளும் எதிர்வீட்டாரிடம் நான் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். மல்லாக்கக் கிடந்தால் தொடாதீர்கள். நிமிர்ந்த நிலையில் காலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தால் உடனே எனக்குப் போன் செய்யுங்கள். வாயோரம் வெள்ளையாகப் பிசுபிசுப்பு தெரிந்தாலும் சொல்லுங்கள், அது புழுத்தொற்றாக இருக்கலாம். சாப்பிடவில்லை என்று மட்டும் போன் செய்ய வேண்டாம்.

அடுத்து, பசித்தால் வெளியே வருமா? பசித்த டரான்டுலா இரை தேடி வீடு வீடாக அலைகிற பிராணி இல்லை. இடத்தைவிட்டு அசையாமல், இரை வரட்டும் என்று காத்திருப்பதுதான் அதன் வேலையே. அலைவது ஆண் சிலந்தி. பருவம் வந்ததும் அதற்குச் சாப்பாட்டில் நாட்டம் குறைந்து, துணை தேடி நடக்கத் தொடங்கும். பெண்ணோடு ஒப்பிட்டால் அதன் ஆயுளும் குறைவு. ராசாத்தி பெண். தவிர, பெட்டிக்கு இரண்டு பக்கமும் பூட்டு உண்டு. அது உங்கள் பாதுகாப்புக்கு என்பதைவிட அதன் பாதுகாப்புக்கு. கனத்த வயிறு, மெல்லிய தோல். ஒன்றிரண்டு அடி உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துவிடலாம். நிறையப் போட்டு வயிற்றைப் பெருக்கவைத்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும். சாப்பாடு போடுவதில் நான் கற்றுக்கொண்ட இரண்டாவது பாடம் அது.

கடிக்குமா என்று முன்வரிசைத் தம்பி கேட்கிறார். கடிக்கும், சீண்டினால். வலிக்கும், வீங்கும். டரான்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. கடியைவிட அதன் வயிற்று ரோமம்தான் தொந்தரவு. பயந்தால் பின்னங்காலால் தேய்த்து ரோமத்தைக் காற்றில் விடும். தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் டாக்டரிடம்தான் போக வேண்டும். அதனால் குழந்தைகள் பார்க்கலாம், மூடியைத் திறக்கக் கூடாது. நானே அதைக் கையில் எடுத்ததில்லை, எடுக்கப்போவதும் இல்லை.

சட்டம் பற்றி வழக்கறிஞர் சார் போன தடவையே கேட்டார். இந்த வகை சைட்டிஸ் என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட உயிர்களை வளர்ப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024-இல் விதி வந்தது. மகன் பதிந்துவிட்டுத்தான் போனான். நகல் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அழகழகான டரான்டுலாக்கள் மரப்பொந்தில் வாழ்கின்றன. சுற்றுலா போகும் பிள்ளைகள் ஆசைப்பட்டு டப்பாவில் பிடித்து வந்துவிடாதீர்கள். அது அதன் வீடு.

கடைசியாக, நான் உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்று. போன மாதம் இரண்டாம் மாடிக் குட்டிப் பையன் ஒருவன் தீப்பெட்டியில் கரப்பான் பூச்சி பிடித்துக்கொண்டு வந்தான். "பாட்டி, ராசாத்திக்கு" என்றான். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்! ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் நம் கட்டடத்தில் பூச்சி மருந்து அடித்திருந்தார்கள். சமையலறை மூலைகளில் ஜெல் வைத்தார்கள் இல்லையா? அதைத் தின்ற கரப்பான் உடனே சாவதில்லை, விஷத்தைச் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தின்றால் ராசாத்தி கதையும் முடிந்தது. பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். தீப்பெட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்போ இதுக்கும் உடம்பு சரியில்லையா பாட்டி?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

ஸ்ப்ரேயும் அப்படித்தான். பூச்சியைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும். கொசு விரட்டும் லிக்விட்கூட அந்த அறையில் நான் வைப்பதில்லை, ஜன்னலுக்கு வலைதான். எனவே சங்கத்துக்கு என் கோரிக்கை: மருந்து அடிக்கும் தேதியை மூன்று நாள் முன்னதாக நோட்டீஸ் போர்டிலும் வாட்ஸப் குழுவிலும் போடுங்கள். போன தடவை தாழ்வாரத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. ஈரத்துணியைக் கதவிடுக்கில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேதி தெரிந்தால் பெட்டியோடு தாம்பரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவேன். தங்கைக்குச் சிலந்தி என்றால் பயம்தான், ஆனால் அக்கா வருகிறாளே என்று பொறுத்துக்கொள்வாள். மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ் வைத்திருக்கும் வீடுகளுக்கும், தவழும் குழந்தை இருக்கும் வீடுகளுக்கும் இந்த அறிவிப்பு உதவும்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. இந்த வகைப் பெண் சிலந்தி 20 வருடத்துக்கு மேலும் வாழும். ராசாத்திக்கு இப்போது வயது எட்டோ ஒன்பதோ. எனக்கு 64. மகன் எப்போது திரும்புவான், திரும்புவானா என்பதெல்லாம் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கதை மாதிரிதான். கணக்குப் போட்டால் அது என்னைத் தாண்டிப் போகலாம். பி பிளாக்கிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சில மாதமாக ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். காலண்டர் குறிப்பை இப்போது அவள்தான் எழுதுகிறாள்: தேதி, போட்டது, சாப்பிட்டதா இல்லையா, தண்ணீர், வயிற்று அளவு. சாப்பிடாத நாளில் நான் முகம் சுளித்தால், "விடுங்க பாட்டி" என்கிறாள், என் மகனைப் போலவே.

பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலை 5 மணியிலிருந்து 6 மணிக்குள் வரலாம். ஒரு தடவைக்கு மூன்று பேர், பெட்டியைத் தட்டக் கூடாது, தின்பதற்கு எதுவும் கொண்டுவர வேண்டாம். அது சாப்பிடுவதைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். இன்றோடு 41 நாள் ஆகிறது. வழுக்கை இன்னும் கறுக்கவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். உங்களுக்கு வெளியே டீயும் மெதுவடையும் வைத்திருக்கிறேன். நீங்களாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.